சூழ்ச்சிக் கூடம்

கால்வாய்ச் சுவரில் விரிசல் விழுந்து ஏழு மாதம் ஆன பிறகு, அதை என்ன செய்வது என்று யோசிப்பதற்காக நகரப் பணி அலுவலகத்தில் ஓர் அறை ஒதுக்கினார்கள். செய்தி கேட்டு, சுவரை ஒட்டிக் குடியிருந்த முப்பது குடும்பங்களும் சந்தோஷப்பட்டன. போர்டுக்காரருக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம். விரிசலுக்கு நேர் கீழே இருந்தது அவர் வீடு. அந்த அறையின் கதவுக்குப் பெயர்ப்பலகை எழுதும் வேலையும் அவருக்கே வந்திருந்தது.

போர்டுக்காரர் இருபத்தாறு வருடமாகப் பலகை எழுதுகிறவர். நகரத்தில் 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று எங்கே பார்த்தாலும் அது அவர் எழுத்து. அதன் கீழே குப்பை கிடப்பதற்கு அவர் பொறுப்பில்லை. விரிசலை அவர் தன் பிரஷ்களால் அளந்துவந்தார். முதல் மாதம் இரண்டாம் நம்பர் பிரஷ் நுழைந்தது. இப்போது ஆறாம் நம்பர் தாராளமாகப் போய்வந்தது. மழைக்காலத்துக்கு இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது. அவர் மனைவி வீட்டிலேயே பள்ளிப் பைகள் தைப்பவர். தைத்த பைகளை இப்போதெல்லாம் தரையில் அடுக்குவதில்லை. உத்தரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"திங்கக்கிழமை போர்டு மாட்டிடுவேன். செவ்வாய்க்கிழமை சுவத்து வேலை ஆரம்பிச்சிடும்" என்று போர்டுக்காரர் மனைவியிடம் சொன்னார். அவர் அதை முழுமனதோடு நம்பினார் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

அலுவலகத்தின் முதன்மை அதிகாரி அப்போதுதான் ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்தார். உலகத்தில் உருப்படியாக நடந்த காரியங்கள் எல்லாம் 'வார் ரூம்' என்ற ஓர் அறையிலிருந்தே நடந்தன என்று அங்கே படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். திரும்பி வந்த அன்றே அவர் பழைய கோப்புகள் வைத்திருந்த அறையைக் காலி செய்யச் சொன்னார். கோப்புகள் மாடிப்படிக்குக் கீழே போயின. கால்வாய்ச் சுவரைப் பற்றிய கோப்பும் அவற்றில் ஒன்று. அறைக்குள் ஒரு நீள மேசை, சுழல் நாற்காலிகள் பன்னிரண்டு, சுவர் முழுக்க நகர வரைபடம் எல்லாம் வந்து சேர்ந்தன. வரைபடத்தில் போர்டுக்காரரின் தெரு இருக்க வேண்டிய இடத்தில் மடிப்பு விழுந்திருந்தது.

பெயர் வைக்காமல் அறையைத் திறக்கக் கூடாது என்பது அதிகாரியின் கொள்கை. பெயர் இல்லாத அறையில் பேசினால் அது வெறும் பேச்சு, பெயர் உள்ள அறையில் பேசினால் அது நடவடிக்கை என்று அவர் விளக்கினார். அதுவரை விரிசலைப் பற்றி யாரும் எதுவும் பேச வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

போர்டுக்காரர் முதலில் உத்தரவில் இருந்தபடியே 'வார் அறை' என்று பென்சிலால் கோடு போட்டார். அலுவலகத்தின் மொழி ஆலோசகர் ஓடிவந்து தடுத்தார். அவர் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவர். தமிழில் வார் என்றால் தோல் வார் என்றும், செருப்பு அறுந்தவர்கள் எல்லாம் வந்து வாசலில் நிற்பார்கள் என்றும் அவர் எச்சரித்தார். 'போர் அறை' என்று எழுதும்படி ஆனது.

போர்டுக்காரருக்கு ஒரு சந்தேகம். யாரோடு போர் என்று தெரிந்தால் எழுத்துக்கு நிறம் தேர்ந்தெடுக்க வசதியாக இருக்கும் என்று அதிகாரியிடமே கேட்டுவிட்டார்.

"யாரோடங்கிறது முக்கியமில்லை" என்றார் அதிகாரி. "சண்டைக்கு உட்கார்ந்திருக்கிற மாதிரி உட்காரணும். அதுக்குத்தான் அந்த நாற்காலிங்க."

போர்டுக்காரர் சிவப்பைத் தேர்ந்தெடுத்தார். திங்கட்கிழமை காலை பலகை மாட்டியாயிற்று. பத்தரை மணிக்குள் கதவுக்கு வெளியே அறுபத்தொரு பேர் வரிசையில் நின்றார்கள். எல்லார் கையிலும் வீட்டுப் பத்திரம் இருந்தது. போர் போடுவதற்கு அரசாங்கமே தனி அறை திறந்திருக்கிறது என்று ஊரெல்லாம் பேச்சு. எத்தனை அடியில் தண்ணீர் வரும், குழாய் நீங்களே இறக்குவீர்களா, மோட்டார் தனியா என்று அவர்கள் கேட்டார்கள். அதிகாரி வெளியே வந்து, இது தண்ணீருக்கான போர் இல்லை, நிஜமான போர் என்று உரக்க அறிவித்தார். வரிசை கலைந்தது. மதியத்துக்குள் கடைகளில் மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் தீர்ந்துபோயின. ஒரு தகப்பனார் வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடலாமா என்று தணிந்த குரலில் கேட்டார். சாயங்காலம் அலுவலகம் ஒரு விளக்கம் வெளியிட்டது. போர் வரும்போது முறைப்படி முன்கூட்டியே தெரிவிக்கப்படும் என்று அதில் இருந்தது. அதற்குப் பிறகு பெட்ரோல் பங்கிலும் வரிசை நின்றது.

செவ்வாய்க்கிழமை பலகையைக் கழற்றினார்கள்.

புதிய பெயர் கண்டுபிடிக்கச் சொல் துணைக்குழு ஒன்று அமைந்தது. அறைக்குப் பெயர் இல்லாததால் குழு அறைக்குள் கூட முடியாது. எனவே நடைவழியில் நின்றுகொண்டு கூடினார்கள். முடிவு வந்த நிமிடமே எழுத வேண்டும் என்பதால் போர்டுக்காரரும் பெயின்ட் டப்பாவோடு பக்கத்தில் நின்றார். இப்படிப் பன்னிரண்டு நாள் போயிற்று.

'திட்ட அறை' என்ற பெயர் கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. தலைமை எழுத்தர்தான் அதைக் கெடுத்தார். முப்பது வருடமாக அதே நாற்காலியில் இருக்கும் அம்மாள் அவர். குழுவில் உறுப்பினர் இல்லை. குடிக்கத் தண்ணீர் எடுக்க அந்த வழியாகப் போனவர்.

"திட்ட, அறைன்னு நிறுத்திப் படிச்சா மொதல்ல திட்டுவாங்க, அப்புறம் அறைவாங்கன்னு இருக்கே" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார்.

குழு மூன்று நாள் அதைப் பற்றி விவாதித்தது. அந்த மூன்றாம் நாள் போர்டுக்காரர் துணிந்து வாய் திறந்தார். விரிசலில் இப்போது பன்னிரண்டாம் நம்பர் பிரஷ் போகிறது என்றும், ஈரம் கசிகிறது என்றும் சொன்னார். எல்லாரும் அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கவலையினால்தான் தாங்களும் இப்படி நின்றுகொண்டே பாடுபடுவதாக அதிகாரி சொன்னார். பெயர் மட்டும் வந்துவிடட்டும் என்றார்.

பெயரைக் கொண்டுவந்தவர் மொழி ஆலோசகர். அவர் இரண்டு நாள் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பழைய நூல்களைப் புரட்டியிருந்தார். ஆற அமரக் கூடி ஆலோசிப்பதற்குத் தமிழில் சொந்தமாகவே ஒரு சொல் உண்டு, அது இரண்டாயிரம் வருடமாக நம்மோடு இருக்கிறது, அந்தச் சொல் சூழ்ச்சி என்றார். இன்றைய ஜனங்கள் அதைச் சதி என்ற பொருளில் கெடுத்து வைத்திருக்கிறார்கள். அரசாங்கப் பலகையில் ஏறினால் சொல் தன் பழைய மானத்தைத் திரும்பப் பெறும் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எதிர்த்துப் பேச யாருக்கும் மனம் வரவில்லை.

போர்டுக்காரர் பச்சை எழுத்தில் 'சூழ்ச்சிக் கூடம்' என்று எழுதினார். கீழே சிறிய எழுத்தில் 'பொதுமக்கள் அணுகலாம், காலை 10 முதல் மாலை 5 வரை' என்று சேர்க்கச் சொன்னார்கள். சேர்த்தார்.

முதல் நாள் யாரும் வரவில்லை. வாசலில் நின்று படித்துவிட்டுப் போனார்கள். இரண்டாம் நாள் ஒருவர் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். நான்கு நாள் தங்கிவிட்டுப் போவதாக வந்த மச்சான் இரண்டு வருடமாகத் தன் வீட்டிலேயே இருக்கிறான், மனைவி மனம் நோகாமல் அவனைக் கிளப்ப ஒரு வழி வேண்டும் என்றார். இந்த அறை அதற்கானது இல்லை என்று அதிகாரி சொல்லத் தொடங்கினார். ஆனால் பொதுமக்கள் அணுகலாம் என்று பலகையிலேயே எழுதியிருக்கிறது என்றும், வந்த மனுவைத் திருப்ப விதியில் இடமில்லை என்றும் தலைமை எழுத்தர் நினைவூட்டினார். வேறு வழியில்லாமல் அதிகாரி சற்று நேரம் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அவரைப் போகச் சொல்லாதீங்க. இருக்கச் சொல்லுங்க" என்றார். "ஆனா இருக்கணும்னா எங்ககிட்ட தற்காலிகத் தங்கல் சான்றிதழ் வாங்கணும்னு சொல்லி இங்க அனுப்புங்க."

"அப்படி ஒரு சான்றிதழ் இருக்குங்களா?"

"இல்லை. அதனால அது கிடைக்காது."

மச்சான் வந்தார். நான்கு ஜன்னல்களுக்கு அனுப்பப்பட்டார். மூன்றாம் நாள், ஊரில் அவசர வேலை இருப்பதாகச் சொல்லி அக்காளிடம் விடைபெற்றுப் போய்விட்டார். செய்தி பரவியது. அடுத்த வாரம் டோக்கன் கொடுக்க வேண்டிய அளவுக்குக் கூட்டம் சேர்ந்தது. வாடகைக்கு வந்தவரைக் காலி செய்ய வைக்க, பக்கத்து வீட்டுச் சேவலை வாய் மூட வைக்க, பெண் பார்க்க வந்து பதில் சொல்லாமல் இழுக்கிறவர்களிடம் பதில் வாங்க என்று மக்கள் ஆளுக்கொரு சூழ்ச்சி கேட்டு வந்தார்கள். ஏழு மாதமாக ஒரு சுவரைத் தொட முடியாத அலுவலகம், கால் மணிக்கு ஒரு சூழ்ச்சி வீதம் தட்டாமல் கொடுத்தது. சுழல் நாற்காலிகள் பன்னிரண்டும் நிறைந்திருந்தன. பல வருடமாக யாரும் பார்த்திராத ஊழியர்கள் கூட வேலைக்கு வரத் தொடங்கினார்கள். தங்களிடம் இருந்த அனுபவம் இவ்வளவு காலம் வீணாகிவிட்டதே என்று அதிகாரி வருத்தப்பட்டதாகக் கேள்வி.

போர்டுக்காரர் மனைவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே தைத்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் தையல் மிஷினை நிறுத்தினார்.

"ஏங்க, ஊர்ல இருக்கிறவங்க எல்லாம் அங்க போய் ஒண்ணு ஒண்ணு வாங்கிட்டு வர்றாங்க. பலகை எழுதினவரு நீங்க சும்மா நின்னுட்டு வர்றீங்க. நமக்கு ஒண்ணு கேட்டா என்ன?"

அரசாங்க வேலை செய்கிற இடத்தில் போய்ச் சொந்த வேலை கேட்பது முறையா என்று அவர் இழுத்தார். மனைவி எழுந்துபோய்ச் சுவரின் விரிசலில் தன் உள்ளங்கையைச் செருகிக் காட்டினார். கை மணிக்கட்டுவரை போயிற்று. ஈரத்தோடு வெளியே வந்தது. அந்த வாரமே மழை தொடங்கும் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அது பிறகு பத்து நாள் தள்ளிப்போனது போர்டுக்காரருக்கு அப்போது தெரியாது.

மறுநாள் சட்டையை மாற்றிக்கொண்டு போய் டோக்கன் வாங்கினார். நூற்றுப் பதினான்கு. அவர் முறை வந்தபோது மணி நாலேகால். கையில் பெயின்ட் டப்பா இல்லாததால் அதிகாரிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. தலைமை எழுத்தருக்குத் தெரிந்தது. அவர் பதிவேட்டில் புதுப் பக்கம் திருப்பினார்.

தன் வீட்டுக்கு மேலே ஒரு சுவர் விழப்போகிறது, அதைக் கட்ட வேண்டியவர்கள் கட்டாமல் இருக்கிறார்கள், அவர்களைக் கட்ட வைக்க வேண்டும் என்று போர்டுக்காரர் சொன்னார்.

"எதிராளி யாரு?"

"உங்க ஆபீஸ்தாங்க சார்."

அதிகாரி கோபப்படவில்லை. ஒரு புதுத் தாளை எடுத்து எதிரே வைத்துக்கொண்டார்.

"கஷ்டமான ஆளுங்க" என்றார். "ஆனா எனக்கு அவங்களை நல்லாத் தெரியும். நீங்க சுவர்னு போனீங்கன்னா அது நடக்காது. சுவர்னா பழுது. பழுதுன்னா யாரு கவனிக்காம விட்டதுன்னு கேள்வி வரும். கேள்வி வர்ற கோப்பை அங்க எவனும் கையால தொடமாட்டான்."

அப்படியானால் என்ன செய்வது என்று போர்டுக்காரர் கேட்டார்.

"பலகைன்னு போங்க. பலகைன்னா அங்க எல்லாருக்கும் உயிரு. இந்தக் கூடத்துக்கு வழி தெரியாம ஜனங்க அலையிறாங்க, அதனால கால்வாய்ச் சுவர்ல இருபதடி நீளத்துல ஒரு வழிகாட்டிப் பலகை வேணும்னு மனு எழுதுங்க. பலகை மாட்டுற சுவர்ல ரெண்டு பக்கமும் பத்தடிக்கு விரிசல் இருக்கக் கூடாதுன்னு பலகை விதியில இருக்கு. மீதியை அவங்களே பார்த்துக்குவாங்க. சுவருக்குன்னா சிமென்ட் இல்லைம்பாங்க. பலகைக்குன்னா எங்கிருந்தாவது கொண்டாந்துடுவாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொடர்ந்தார். "கடைசியா முதன்மை அதிகாரி கையெழுத்து வேணும். அவரைப் பத்திக் கவலைப்படாதீங்க. பலகைன்னு மேல எழுதியிருந்தா அந்த ஆளு கீழ படிக்க மாட்டான்."

"அது நீங்கதானே சார்?"

"அதனாலதான் சொல்றேன்" என்றார் அதிகாரி. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

மனுவைத் தலைமை எழுத்தரே எழுதிக் கொடுத்தார். 'பலகை' என்ற சொல் ஒரே பக்கத்தில் பதினெட்டு முறை வருமாறு பார்த்துக்கொண்டார். 'சுவர்' ஒரு முறைதான் வந்தது, அதுவும் அடைப்புக்குறிக்குள். புதன்கிழமை கொடுத்த மனு வியாழக்கிழமை கையெழுத்தாகியது. அதற்குள் எந்த மேசையில் எத்தனை நாள் கிடக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்த தெரு ஜனங்கள், வெள்ளிக்கிழமை காலை செங்கல் லாரி வந்து நின்றதும் வேறு எங்கோ போக வேண்டிய லாரி என்று நினைத்து டிரைவருக்கு வழி சொல்லப் போனார்கள்.

கொத்தனார்கள் ஆறு பேர் வந்தார்கள். பழைய சுவரை நாற்பது அடிக்கு அடிவரை பிரித்துப் புதிதாக எழுப்பினார்கள். நூறு வருடம் தாங்கும் என்று மூத்த கொத்தனார் சொன்னார். பலகை காற்றில் ஆடினால் தன்னைக் கேட்பார்களாம், அதனால்தான் இவ்வளவு கனமாகக் கட்டுவதாகவும் சொன்னார். ஒன்பதாம் நாள் பூச்சு முடிந்தது. போர்டுக்காரர் இருபதடிப் பலகைக்கு வெள்ளை அடித்து, எழுத்துக்கு அளவு எடுத்துவிட்டு உத்தரவுக்குப் போனார்.

உத்தரவு வேறு மாதிரி வந்திருந்தது. அரசாங்கமே சூழ்ச்சிக் கூடம் நடத்துவதாக ஒரு பத்திரிகை எழுதிவிட்டது. மேலிடத்திலிருந்து, அந்தப் பெயரை உடனே எடுத்துவிட்டுப் பொருத்தமான வேறு பெயர் வைக்கும்படி கடிதம். கதவிலிருந்த பச்சைப் பலகை அன்றே இறங்கியது. மொழி ஆலோசகர் மனம் உடைந்து விடுப்பில் போனார். சொல் துணைக்குழு மறுபடியும் நடைவழியில் கூடியது. புதுப் பெயர் வரும்வரை கால்வாய்ப் பலகையில் எதையும் எழுதக் கூடாது, ஆனால் திறப்பு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சாகிவிட்டதால் விழாவை நிறுத்தவும் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

அதனால் முதன்மை அதிகாரி ஒரு வெள்ளைப் பலகையைத் திறந்துவைத்தார். வானம் இருட்டிக்கொண்டிருந்தது. அவர் சுருக்கமாகவே பேசினார். இந்தப் பலகை மக்களுக்கு வழிகாட்டும் என்றும், எந்த இடத்துக்கு என்பது விரைவில் தெரிவிக்கப்படும் என்றும் சொன்னார். இதற்கு முன் எந்த அதிகாரியும் இவ்வளவு வெளிப்படையாக ஒரு பலகையை மக்கள் முன் வைத்ததில்லை என்றார். தெரு ஜனங்கள் வலிக்க வலிக்கக் கை தட்டினார்கள். அவர்கள் பலகையைப் பார்க்கவில்லை என்பதை அவர் கவனிக்கவில்லை. கடைசி வரியைச் சொல்லும்போது மழை தொடங்கிவிட்டது.

நான்கு நாள் பெய்தது. இரண்டாம் நாள் மதியம் கால்வாய் நுரைத்துக்கொண்டு சுவரின் முக்கால் உயரத்துக்கு ஏறியது. ஜனங்கள் குடையோடு வந்து நின்று பார்த்தார்கள். போர்டுக்காரர் காலையிலிருந்து சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டே நின்றார். அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுவது கைக்குத் தெரிந்தது. இந்தப் பக்கம் சுவர் காய்ந்தே இருந்தது. மனைவி வந்து அவர் கையை எடுத்துவிட்டார்.

"நீங்க பிடிச்சுக்கிட்டுத்தான் அது நிக்குதா? வந்து சாப்பிடுங்க" என்றார். சொல்லிவிட்டுத் தானும் ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டே போனார்.

மழை விட்ட மறுநாள் அலுவலகத்திலிருந்து மூன்று பேர் ஆய்வுக்கு வந்தார்கள். ஏணி போட்டு ஏறிப் பார்த்தார்கள். பலகைக்குச் சேதம் எதுவும் இல்லை என்று குறித்துக்கொண்டார்கள். முப்பது வீடுகள் எப்படி இருக்கின்றன என்று அவர்கள் கேட்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை. வெள்ளத்திலிருந்து பலகையைக் காத்த திறமைக்காக முதன்மை அதிகாரிக்குப் பாராட்டுக் கடிதம் வந்ததாகப் பிறகு தலைமை எழுத்தர் சொன்னார். அதிகாரி பதவி உயர்வு பெற்று வேறு ஊருக்குப் போனார். அங்கே அவருக்குக் கூடம் ஒன்றும் இல்லையாம். அதை நினைத்து வருத்தத்தில் இருக்கிறார் என்று கேள்வி.

துணைக்குழு இன்னும் கூடிக்கொண்டிருக்கிறது. இப்போது உட்கார்ந்து பேச நடைவழியில் ஒரு பெஞ்சு போட்டிருக்கிறார்கள். பெயர் முடிவானால் எழுத வேண்டும், எழுதிய பெயர் தப்பாகப் போனால் பலகையைக் கழற்ற வேண்டும், பலகை இல்லாத இடத்தில் சுவர் எதற்கு என்று யாராவது கேட்கக்கூடும். இதை எல்லாம் யோசித்து, போர்டுக்காரர் குழுவுக்கு ஒருபோதும் அவசரம் கொடுப்பதில்லை. வருடத்துக்கு இரண்டு தடவை ஏணியைச் சாய்த்துக்கொண்டு ஏறுவார். பாசி படிந்த இடத்தைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இரண்டு கை வெள்ளை அடிப்பார். இத்தனை வருடத்தில் எந்த எழுத்துக்கும் அவர் அவ்வளவு கவனம் எடுத்துக்கொண்டதில்லை.

போன முறை அவர் அடித்துக்கொண்டிருந்தபோது, தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய பலகையில் என்ன எழுதப் போகிறார்கள் என்று போர்டுக்காரர் மனைவியிடம் கேட்டாள்.

மனைவி ஏணியின் காலை மிதித்துப் பிடித்தபடியே பதில் சொன்னார்.

"யோசிச்சிட்டு இருக்காங்கம்மா. நல்லா யோசிக்கட்டும்."